மூன்றாவது வாய்ப்பு
உயரம் தாண்டும் வீரர் வலேரி புருமெலின் வாழ்க்கை



பரிசளிப்பு விழா என்றாலே பள்ளிக்கூடத்துக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. பெயரை வாசித்ததும் பிள்ளை மேடைக்கு ஓடுகிறது. கீழே உட்கார்ந்திருக்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளும் அதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கும் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு. அப்புறம்தான் பரிசு வாங்கியவர்களுக்கு.

நம்ம பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் உயரம் தாண்டுதலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கம்பங்கள், நடுவில் ஒரு குறுக்குக் கம்பு. ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. தாண்டிவிட்டால் கம்பை உயர்த்துவார்கள். அடுத்தடுத்து மூன்று முறை தட்டிவிட்டால் வெளியே வந்துவிட வேண்டும். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவன் வெற்றியோடு நிற்கிறான். உயரம் தாண்டுதலில் முதல் பரிசு பெற்றவனும் பெரும்பாலும் கடைசியில் கம்பைத் தட்டிவிட்டுத்தான் நிற்கிறான். எல்லாரையும் ஜெயித்த பிறகும், தன்னால் முடியாத ஓர் உயரத்தில் மோதித்தான் அவன் ஆட்டம் முடிகிறது. ஆகவே தோற்கத் தெரியாதவன் இந்த விளையாட்டுக்கு லாயக்கில்லை. இந்த உண்மையைத் தம் உடம்பாலும் உயிராலும் வாழ்ந்து காட்டிய ஒரு மனிதரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் வலேரி புருமெல். ருஷ்ய நாட்டுக்காரர்.

பனி நாட்டுச் சிறுவன்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், சைபீரியாவுக்கும் கிழக்கே, ருஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சின்னக் கிராமத்தில் வலேரி பிறந்தான். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நம் மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி தொடங்கியிருந்த காலம் அது. நம்ம தாத்தா பாட்டிமார் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்றால், அங்கேயும் பஞ்சமும் குளிரும்தான்.

பின்னர் குடும்பம் உக்ரைன் பகுதியில் உள்ள லுகான்ஸ்க் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அது தொழிற்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த தொழிலாளர் ஊர். அங்கேதான் பன்னிரண்டு வயதில் அவன் உயரம் தாண்டப் பழகினான். பதினாறு வயதில் 2 மீட்டரைத் தாண்டிவிட்டான். நம்ம வீட்டு வாசற்படியின் நிலை எவ்வளவு உயரம் என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். ஏறக்குறைய அந்த உயரம்!

மாஸ்கோவில் அவனுக்கு வாய்த்த ஆசான் விளாதிமிர் தியாச்கோவ். இவர் வெறுமனே குதிக்கச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கும் ஆசான் அல்லர். குதிப்பவனுக்குக் கால் பலம் மட்டும் போதாது; வேகம் வேண்டும், முதுகு பலம் வேண்டும், உடம்பு முழுக்க வில் போல வளைய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே புருமெல் குறுந்தூரம் ஓடினார், பளு தூக்கினார், இரும்பைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுந்தார். உயரம் தாண்டுபவர்கள் பளு தூக்கினால் உடம்பு கனத்துவிடும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வளையத்தைக் காலால் எட்டி உதைக்கும் புருமெலின் படம் உலகம் முழுதும் பேர் போனது.

அந்தக் காலத்துத் தாண்டுமுறையையும் சொல்லிவிடுகிறேன். இன்று தொலைக்காட்சியில் வீரர்கள் முதுகைக் கம்புக்குக் காட்டி மல்லாந்து பாய்வதைப் பார்க்கிறோம். அந்த முறையை உலகறியச் செய்தவர் அமெரிக்கர் டிக் பாஸ்பரி. அது 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில். அதற்கு முன்பு ஒரு காலை வீசி உயர்த்தி, வயிறு கம்பைப் பார்க்க, குப்புறப் புரண்டு தாண்டுவதுதான் வழக்கம். விழுவதற்கு இன்றைக்குப் போலக் கனமான மெத்தையும் எல்லா இடத்திலும் கிடையாது. பல திடல்களில் மணலும் மரத்தூளும்தான். குப்புறப் புரளும் அந்த முறையின் மன்னர் புருமெல் என்றால் மிகையாகாது.

ஒரே விதி, இரண்டு தீர்ப்பு

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக். அப்போது உலகமே ஜான் தாமஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இளைஞரைத்தான் பேசிக்கொண்டிருந்தது. 2.22 மீட்டர் தாண்டி உலக சாதனையைக் கையில் வைத்திருந்தவர் அவர். தங்கம் அவருக்குத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நடந்ததோ வேறு. தாமஸ் 2.14 மீட்டரோடு மூன்றாம் இடத்துக்குப் போனார். ஜார்ஜியாவைச் சேர்ந்த சோவியத் வீரர் ராபர்ட் ஷவ்லகாட்செயும் பதினெட்டு வயது புருமெலும் 2.16 மீட்டர் தாண்டினார்கள். உயரம் ஒன்றேதான், ஆனால் ஷவ்லகாட்செ அதை முதல் வாய்ப்பிலேயே தாண்டியிருந்தார். விதிப்படி தங்கம் அவருக்கு, வெள்ளி புருமெலுக்கு.

இங்கே சற்று நில்லுங்கள். நம்ம பிள்ளை ஒரு மதிப்பெண்ணில் முதல் இடத்தை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கிறது? அந்த ஒரு மார்க்கு எங்கே போச்சு என்று கேட்டே பிள்ளையின் முகத்தை வாட வைத்துவிடுகிறோம் அல்லவா? புருமெல் அந்த வெள்ளியை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் இரும்பைத் தூக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1961 ஜூன் மாதம் மாஸ்கோவில் 2.23 மீட்டர், உலக சாதனை. ஜூலையில் 2.24. ஆகஸ்டில் பல்கேரியாவின் சோபியா நகரில் 2.25. 1962 ஜூலையில் அமெரிக்க மண்ணிலேயே, ஸ்டான்போர்டில் 2.26. செப்டம்பரில் 2.27. 1963 ஜூலை 21-ஆம் நாள் மாஸ்கோவில் 2.28. இரண்டே ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஆறு உலக சாதனைகள்! ஒவ்வொரு முறையும் கூடியது எவ்வளவு? ஒரு சென்டிமீட்டர். நம்ம சுண்டுவிரல் அகலம். புருமெலின் உயரம் 1.85 மீட்டர். அவர் தலைக்கு மேலே இன்னும் 43 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த கம்பை அவர் தாண்டினார். ஆனால் ஒரே நாளில் அந்த உயரத்துக்குப் போய்விடவில்லை; விரல் விரலாகத்தான் ஏறினார்.

அது அமெரிக்காவும் சோவியத் நாடும் எதிரும் புதிருமாக நின்ற காலம். 1962 அக்டோபரில் கியூபா விவகாரத்தில் அணுகுண்டுப் போரே வந்துவிடுமோ என்று உலகம் நடுங்கியது. ஆனாலும் ஸ்டான்போர்டில் புருமெல் 2.26 தாண்டியபோது அமெரிக்க மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். புருமெலும் தாமஸும் களத்தில் போட்டியாளர்கள். வெளியே நல்ல நண்பர்கள். ஆட்சியாளர்களுக்குள் இருந்த பகை இந்த இரு இளைஞர்களுக்குள் இல்லை.

1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக். மலேசியா என்ற பெயரில் நம் நாடு கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுதான். நம்மவர் எம். ஜெகதீசன் 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதிவரை சென்று நமக்குப் பெருமை தேடித் தந்தது அங்கேதான். தமிழருக்கு அந்த அரங்கத்தோடு இன்னொரு உறவும் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1958-இல், அதே அரங்கத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு ஆசியப் போட்டிகளின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். அவரும் உயரம் தாண்டும் வீரரே!

அந்த ஆண்டு புருமெல் பழைய நிலையில் இல்லை. உலக சாதனை உயரத்துக்குப் பக்கத்தில்கூட அவரால் போக முடியவில்லை. இறுதியில் அவரும் தாமஸும் 2.18 மீட்டர் தாண்டினார்கள். அடுத்த உயரத்தை இருவராலும் தாண்ட முடியவில்லை. யார் குறைவாகத் தட்டியது என்று கணக்குப் பார்த்தார்கள். இந்தத் தடவை தங்கம் புருமெலுக்கு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தங்கத்தை அவர் கையிலிருந்து பறித்த அதே விதி, இப்போது அவர் கழுத்தில் தங்கத்தை மாட்டியது. அன்றைக்கு விதியைத் திட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

மழை நனைத்த சாலை

1965 அக்டோபர். புருமெலுக்கு வயது இருபத்து மூன்று. உலகத்தில் அவரை வெல்ல ஆளில்லை. ஒருநாள் இரவு, மாஸ்கோவில், தெரிந்தவர் ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனார். சாலை ஈரமாக இருந்தது. வண்டி வழுக்கியது. ஒரு நொடிதான். விளக்குக் கம்பத்தில் மோதி, வலது கால் கணுக்காலுக்கு மேலே நொறுங்கிப் போனது.

கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை கொட்டும்போது மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்களோடு ஒதுங்கி நிற்பவர்களில் நாமும் ஒருவர்தானே! வேலைக்குப் போன பிள்ளை வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் நம்மிடையே எத்தனை பேர்! உலகத்தையே தாண்டிய கால் என்று சாலை அறியுமா? வேகத்துக்கும் ஈரத்துக்கும் வீரனும் ஒன்றுதான், நாமும் ஒன்றுதான். தம்பிமார்களே, இதை மட்டும் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எடுத்துவிட வேண்டிய நிலைதான். மாஸ்கோ மருத்துவர்கள் போராடிக் காலைக் காப்பாற்றினார்கள். ஆனால் எலும்பு சேரவில்லை, சீழ் வைத்தது. ஓர் அறுவை, இன்னோர் அறுவை என்று இருபதுக்கும் மேற்பட்ட அறுவைகள். ஆண்டுகள் ஓடின. ஊன்றுகோல் கையை விட்டுப் போகவில்லை. அடிபட்ட கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. வெற்றி பெற்ற நாளில் தோளில் தூக்கியவர்கள் பலரை இப்போது பக்கத்தில் காணோம். தொலைவில் அமெரிக்காவிலிருந்து ஜான் தாமஸ் மட்டும் அவருக்கு ஆறுதல் செய்தி அனுப்பினார். போட்டியில் தங்கத்தை இழந்தவர்தான் துன்பத்தில் கை கொடுத்தார். நண்பன் யார் என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

சின்ன ஊரின் பெரிய மருத்துவர்

மாஸ்கோவுக்குக் கிழக்கே வெகு தூரத்தில், சைபீரியாவின் விளிம்பில், குர்கான் என்று ஓர் ஊர். அங்கே கவ்ரீல் இலிசாரோவ் என்றொரு எலும்பு மருத்துவர். ஏழைக் குடும்பத்தில் 1921-இல் பிறந்தவர். வறுமையால் பள்ளிக்கூடத்துக்கே தாமதமாகப் போனவர். மருத்துவப் படிப்பை முடித்ததும் கிராமத்து மருத்துவமனையில் வேலைக்குப் போட்டார்கள். போரில் கால் உடைந்து திரும்பிய எத்தனையோ பேரை அங்கே பார்த்தார். அவர்களுக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் 1950-களின் தொடக்கத்தில் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார்.

பார்ப்பதற்குச் சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்கும். உடைந்த காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். வளையத்திலிருந்து மெல்லிய கம்பிகள் எலும்பின் ஊடே போகும். வளையங்களைத் தண்டுகளும் திருகுகளும் இணைக்கும். திருகை நாளுக்குக் கொஞ்சமாக, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் திருப்பினால், பிரித்த எலும்பின் இடைவெளியில் புது எலும்பு தானே வளர்ந்து நிரம்பும். குட்டையான கால் நீளும். புதுமையாக இருக்கிறதல்லவா? தலைநகரத்துப் பெரிய மருத்துவர்கள் பலர் இதை வெகுகாலம் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கேயோ ஒரு மூலையில் இருப்பவன் என்ன புதிதாகக் கண்டுபிடித்துவிடப் போகிறான் என்ற நினைப்புத்தான்.

புருமெல் அந்த மூலைக்குப் போனார். தலைநகரம் மூன்று ஆண்டுகளில் முடிக்காததை, 1968-ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சின்ன ஊர் மருத்துவர் சில மாதங்களில் முடித்துக் கொடுத்தார். எலும்பு சேர்ந்தது. கால் நீண்டது. ஊன்றுகோல் மூலைக்குப் போனது.

பெற்றோர்களே, இந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். நம்ம பள்ளிக்கூடம் சின்னப் பள்ளிக்கூடம், தோட்டத்துப் பள்ளிக்கூடம், பட்டணத்துப் பள்ளிக்கூடம் மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே, குர்கான் எவ்வளவு பெரிய ஊர்? ஊர் சின்னதாக இருக்கலாம். அங்கே செய்யும் வேலை சின்னதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புருமெல் குணமான செய்தி பரவியதும் இலிசாரோவின் பெயர் நாடெங்கும் பரவியது. 1971-இல் குர்கானில் அவருக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே உருவானது. பத்து ஆண்டு கழித்து இத்தாலி நாட்டு மருத்துவர்கள் அந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து உலகெங்கும் போயிற்று. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் விபத்தில் எலும்பு நொறுங்கியவர்களுக்கு இந்த வளையக் கருவியைப் பொருத்துகிறார்கள். காலில் வளையங்களோடு யாராவது நடந்து போவதைப் பார்த்தால், அது குர்கானிலிருந்து புறப்பட்ட வைத்தியம் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஏற்றம்

ஊன்றுகோலை விட்டவர் அதோடு ஓய்ந்துவிட்டாரா? இல்லை. முதலில் நடந்தார். பிறகு ஓடினார். பிறகு, யாரும் எதிர்பாராத வகையில், மறுபடியும் குறுக்குக் கம்பின் முன்னால் வந்து நின்றார். வெட்டி வெட்டி ஒட்டிய காலோடு மீண்டும் 2 மீட்டரைத் தாண்டினார்!

கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பின்னடைவு. 2.28 தாண்டியவருக்கு 2 மீட்டர் ஒரு பெரிய உயரமா? பதினாறு வயதிலேயே தாண்டிய உயரம்தானே? ஆனால் நான் உங்களைக் கேட்கிறேன்: அவர் வாழ்க்கையில் தாண்டிய பெரிய உயரம் எது? உலகம் எழுந்து நின்று கைதட்டிய 2.28-ஆ, எழுந்து நிற்பதே அதிசயம் என்று இருந்தபோது தாண்டிய 2 மீட்டரா? முதலாவதில் அவர் கம்பைத் தாண்டினார். இரண்டாவதில் தம் விதியையே தாண்டினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒலிம்பிக்குக்கு அவரால் மறுபடி போக முடியவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முயற்சி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. சில இழப்புகள் இழப்புகள்தான். அவருடைய உலக சாதனையும் 1971 ஜூலையில் போய்விட்டது. அமெரிக்கர் பாட் மாட்ஸ்டார்ப் 2.29 தாண்டினார். எட்டு ஆண்டுகள் நிலைத்த சாதனையை உடைத்தது அதே ஒரு சென்டிமீட்டர்!

புருமெல் பேனாவைக் கையில் எடுத்தார். தம் வீழ்ச்சியையும் எழுச்சியையும், தம்மை நடக்க வைத்த மருத்துவரையும் கருவாக வைத்துக் கதையும் நாடகமும் எழுதினார். குதிக்கும் வாசல் மூடியபோது எழுதும் வாசலைத் திறந்துகொண்டார். 2003-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் அறுபதாவது வயதில் மாஸ்கோவில் காலமானார். பெரும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் துயிலும் நோவோதேவிச்சி கல்லறையில் அவரும் துயில்கிறார். அவருக்கு முன்பே, 1992-இல் இலிசாரோவ் மறைந்துவிட்டார்.

நம்ம திடலுக்கு வருவோம்

2017-ஆம் ஆண்டு நம் மலேசிய வீரர் நவ்ராஜ் சிங் ரந்தாவா சிங்கப்பூரில் 2.30 மீட்டர் தாண்டினார். புருமெலின் 1963-ஆம் ஆண்டு உயரத்தைவிட இரண்டே சென்டிமீட்டர் அதிகம். அந்த உயரம் நமக்கும் எட்டாத உயரம் அல்ல என்று நம் நாட்டுப் பிள்ளை ஒருவரே காட்டிவிட்டார். ஆகையால் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, தோட்டத்து மணற்குழியிலோ கத்தரிக்கால் போட்டுக் குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டு உட்கார வைத்துவிடாதீர்கள்.

இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளே, உங்களுக்கு வாழ்த்து. ஆனால் கம்பு நாளைக்கு ஒரு விரல் உயரும். இன்றைய கோப்பை நாளைய கம்பைத் தாண்டித் தராது. மறுபடியும் ஓடிவந்துதான் தாண்ட வேண்டும்.

பரிசு வாங்காத பிள்ளைகளே, நீங்கள் இன்னும் போட்டியில்தான் இருக்கிறீர்கள். முதல் வாய்ப்பில் தட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உயரம் தாண்டும் திடலில், முன்பின் தெரியாத ஒரு நடுவர்கூட ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வாய்ப்புக் கொடுக்கிறார். பெற்ற நாம் ஒரு பரீட்சையோடு கணக்கை முடித்துவிடலாமா? இன்று இரவு வீட்டுக்குப் போகும்போது, கையில் ஒன்றும் இல்லாமல் கூட நடந்துவரும் பிள்ளையின் தோளில் கையைப் போட்டு அழைத்துப் போங்கள். தட்டிவிட்ட கம்பை மறுபடி தூக்கி வைக்க வீட்டில் ஆள் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும்.

வாழ்க மாணவர்கள்! வளர்க நம் தமிழ்ப்பள்ளிகள்!